பழைய வீட்டுக் கணினிகளுக்குக் கேம் எழுதும் போட்டி நடத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, எம்எஸ்எக்ஸ், ஆம்ஸ்ட்ராட் சிபிசி, பிபிசி மைக்ரோ எல்லாம் 1980களில் வீடுகளில் பயன்படுத்திய கணினிகள். இவற்றுக்கு இன்றும் புதுக் கேம்கள் வருகின்றன. அவற்றில் பல ஏதாவது போட்டிக்காக எழுதப்பட்டவை. அப்படி ஒரு போட்டியை நடத்தலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரத்திலிருந்து வரும். எனக்கு மிகப் பிடித்த கணினி அதுதான்.

இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யார் கேம் எழுதுகிறார்கள்?

நிறையப் பேர். எம்எஸ்எக்ஸ் கணினிகளுக்கான எம்எஸ்எக்ஸ்டெவ் போட்டி 2003இல் தொடங்கியது. ஸ்பெயினின் அலிகான்டே பல்கலைக்கழகம் 2013 முதல் ஆம்ஸ்ட்ராட் சிபிசிக்காக சிபிசி ரெட்ரோடெவ் போட்டியை நடத்தியது. ஜெர்மனியில் பத்தே வரியில் பேசிக் மொழியில் கேம் எழுதும் போட்டி 2011இல் ஆரம்பித்தது. ரஷ்யாவில் யான்டெக்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகம் 2019இல் ஸ்பெக்ட்ரத்துக்காகப் போட்டி வைத்தது. ஸ்பெக்ட்ரத்தின் நகல் கணினிகளில்தான் ஒரு தலைமுறையே அங்கே நிரல் எழுதக் கற்றுக்கொண்டது.

சின்ன வயதில் இந்தக் கணினியை வைத்திருந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். மாணவர்களும் வருகிறார்கள். இன்றைய லேப்டாப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு மனிதரால் முழுதாகத் தெரிந்துவைத்திருக்க முடியாது. ஸ்பெக்ட்ரத்தை ஒருவர் முழுதாகவே புரிந்துகொள்ள முடியும். அந்த ருசி கண்டவர்கள் விடுவதில்லை.

எல்லாப் பழைய கணினிகளுக்கும் சேர்த்து ஒரே போட்டியாக வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. கமடோர் 64இல் பின்னணியைத் தொடாமல் திரையில் நகரும் 8 சிறு படங்களை (ஸ்ப்ரைட்டுகளை) வன்பொருளே கொடுக்கிறது. மூன்று குரல் பாடும் சிட் என்ற ஒலிச் சில்லும் உண்டு. 48 கிலோபைட் நினைவகம் உள்ள 48கே ஸ்பெக்ட்ரத்தில் ஸ்ப்ரைட்டே கிடையாது, ஒலிக்கு இருப்பது ஒரு சின்ன ஸ்பீக்கர். இரண்டுக்கும் எழுதப்பட்ட கேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதிப்பெண் போட்டால், யார் நன்றாக எழுதினார் என்பதற்குப் பதிலாக எந்தக் கணினி பார்க்க அழகு என்பதற்குத்தான் மார்க் விழும்.

பத்து வரி பேசிக் போட்டி இதற்கு விதிவிலக்கு. அங்கே வரி நீளமே பிரிவு: 80 எழுத்து, 120 எழுத்து, 256 எழுத்து. அந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமானது என்பதால் கணினிகளுக்கு இடையிலான வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

சரி, "ஸ்பெக்ட்ரம் கேம் போட்டி" என்று அறிவித்தால் போதுமா?

போதாது. ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் பல கணினிகள் இருக்கின்றன. 1982இல் 16கே, 48கே என இரண்டு வகை வந்தன. பிறகு ஏஒய் ஒலிச் சில்லோடு 128கே வந்தது. அப்புறம் டிஸ்க் வைத்த பிளஸ் 3. ரஷ்ய நகல்களில் பென்டகன் மிகப் பிரபலம். 48கே கணினி டிவியில் ஒரு சட்டம் (ஃப்ரேம், அதாவது ஒரு முழுத் திரை) வரைந்து முடிப்பதற்குள் அதன் செயலியான இசட்80 சில்லுக்கு 69,888 கடிகாரத் துடிப்புகள் கிடைக்கும். 128கேயில் 70,908. பென்டகனில் 71,680. கேட்பதற்கு அற்பமான வித்தியாசம்தான். ஆனால் திரையின் எந்த வரி இப்போது வரையப்படுகிறது என்று துடிப்பை எண்ணி நிறத்தை மாற்றும் வித்தை தெரிந்தவர் எழுதிய கேம், ஒன்றில் மினுங்கும், இன்னொன்றில் கோடு கோடாகக் கிழியும்.

கமடோர் 64 என்றால் ஐரோப்பிய டிவி முறையான பிஏஎல்லா, அமெரிக்க முறையான என்டிஎஸ்சியா என்று சொல்லியாக வேண்டும். பிஏஎல்லில் ஒரு சட்டத்துக்கு 19,656 சுழற்சிகள், புதிய வகை என்டிஎஸ்சியில் 17,095. ஐரோப்பாவில் எழுதப்பட்ட கேம் அமெரிக்கக் கணினியில் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

எனவே விதியில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "48கே ஸ்பெக்ட்ரம், பிஏஎல், டேப் கோப்பு, வேறு எந்த இணைப்பும் இல்லாமல் ஓட வேண்டும்." 128கே இருந்தால் கூடுதலாக இசை கேட்கட்டும், தடையில்லை. ஆனால் மார்க் 48கேயில் பார்த்ததற்கு மட்டும். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

அளவு வரம்பு எவ்வளவு வைப்பது?

போட்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது. நிதானமாக யோசித்து முடிவு செய்யுங்கள்.

48கேயில் திரைக்கு 6,912 பைட் போய்விடும். 6,144 பைட் புள்ளிகளுக்கு, 768 பைட் நிறங்களுக்கு. மிச்சம் இருப்பதில் பேசிக்குக்கும் கொஞ்சம் போக, சுமார் 41 கிலோபைட் கையில் நிற்கும். அது கணிசமான இடம். ஒருவர் தனியாக மாலை நேரங்களில் உட்கார்ந்து எழுதி அதை நல்ல விஷயங்களால் நிரப்ப ஆறேழு மாதம் வேண்டும். பலர் பாதியில் களைத்துப்போவார்கள். முதல் தடவை நடத்துபவர்களுக்கு 16 கிலோபைட் வரம்பையே சொல்வேன். கமடோர் 64க்கு ஆர்ஜிசிடி என்ற கேம் வெளியீட்டாளர் நடத்திய கார்ட்ரிட்ஜ் (கணினியில் செருகும் கேம் பெட்டி) போட்டியின் வரம்பும் 16 கிலோபைட்தான். அந்த அளவில் ஒரு நல்ல யோசனை, அதற்குத் தேவையான படங்கள், ஒரு மெட்டு எல்லாம் அடங்கும். மூன்று யோசனைகளை ஒரே கேமில் திணிக்க இடமிருக்காது. அது நல்லதுதான்.

எதை அளப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். இப்போது இசட்எக்ஸ்0 மாதிரியான சுருக்கிகள் இருக்கின்றன. 16 கிலோபைட் கோப்பை விரித்தால் 30 கிலோபைட் வரும். அனுப்பும் கோப்பை அளக்கப்போகிறோமா, நினைவகத்தில் விரிந்து உட்கார்ந்ததையா? நான் கோப்பைத்தான் அளப்பேன். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், சுருக்குவதும் ஒரு திறமைதானே. லோடு ஆகும்போது வரும் முகப்புப் படம் கணக்கில் சேருமா? சேர்க்காதீர்கள். சேர்த்தால் யாரும் முகப்புப் படம் வரையமாட்டார்கள். டேப் சத்தத்தோடு வரி வரியாக அந்தப் படம் நிரம்புவதைப் பார்ப்பது ஸ்பெக்ட்ரம் அனுபவத்தில் முக்கியமான பகுதி.

இன்றைய கணினியில் எழுதி அனுப்பலாமா? அது ஏமாற்று இல்லையா?

தாராளமாக எழுதலாம். எஸ்ஜேஅசம்பிளஸ் போன்ற அசெம்பிளர்கள், சி மொழிக்கு இசட்88டிகே, பேசிக்கில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்ற போரியல் கம்பைலர் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. 1980களிலேயே பெரிய நிறுவனங்கள் வேறொரு பெரிய கணினியில் எழுதி ஸ்பெக்ட்ரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

ஆர்கேட் கேம் டிசைனர் போன்ற தயார் எஞ்சின்கள் பற்றித்தான் விவாதம் வரும். அவற்றில் படமும் மட்டமும் (லெவல்) வரைந்து கொஞ்சம் நிரல் சேர்த்தால் கேம் தயார். இவற்றைத் தடுக்க வேண்டாம். புதியவர்கள் உள்ளே வரும் வாசல் அதுதான். எஞ்சின் பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள், முடிந்தால் தனிப் பிரிவும் வையுங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படம், எழுதிய நிரல் விஷயத்திலும் அனுமதி உண்டா இல்லையா என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் விதி போட்டால் யாருக்காவது அநியாயம் நடந்தே தீரும்.

எமுலேட்டரில் ஓடினால் போதாதா? உண்மைக் கணினியில் ஏன் சோதிக்க வேண்டும்?

போட்டி அந்தக் கணினிக்காக நடக்கிறது என்பதால். எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளில், ஒழுங்காக ஓடி, உண்மைக் கணினியில் சொதப்பும் இடங்கள் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம்.

ஸ்பெக்ட்ரத்தில் கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்கை 31ஆம் போர்ட்டில் (வெளிச் சாதனங்களைப் படிக்கும் எண்ணிட்ட வாசலில்) படிப்பார்கள். வலம், இடம், கீழ், மேல், சுடுதல் என ஐந்து பிட்டுகள். எமுலேட்டரில் ஜாய்ஸ்டிக் எப்போதும் இணைத்தபடி அமைத்திருந்தால், யாரும் தொடாதபோது சுழி (0) வரும். உண்மைக் கணினியில் ஜாய்ஸ்டிக் இணைப்பே இல்லையென்றால் அந்தப் போர்ட்டில் 255ஓ, அந்த நொடியில் திரைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பைட்டோ வரும். கேமுக்கு அது எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் அழுத்தியது போல. நாயகன் தானாகவே ஓடிப்போய்ச் சுவரில் முட்டி நிற்பான். மெனுவில் "விசைப்பலகையா, ஜாய்ஸ்டிக்கா" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

விசைப்பலகையிலும் இப்படி ஒன்று உண்டு. 254ஆம் போர்ட்டைப் படித்தால் கீழ் ஐந்து பிட்டுகள்தான் விசைகள். ஆறாம் பிட் டேப் சாக்கெட்டைச் சேர்ந்தது. எந்த விசையும் அழுத்தாதபோது கணினியின் உள்ளே பழைய இஷ்யூ 2 மதர்போர்டு இருந்தால் 255 வரும், அடுத்த பதிப்பான இஷ்யூ 3 இருந்தால் 191 வரும். "255ஆக இருக்கிறதா" என்று நேரடியாக ஒப்பிட்டு எழுதிய கேம் ஒன்றில் ஓடி இன்னொன்றில் நின்றுவிடும். 1983 வாக்கில் விற்பனைக்கு வந்த கேம்களே இதில் மாட்டியிருக்கின்றன. கீழ் ஐந்து பிட்டை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதும், ஒரே ஒரு கட்டளை.

எம்எஸ்எக்ஸில் வீடியோ சில்லு தனி நினைவகம் வைத்திருக்கிறது. முதல் தலைமுறையின் டிஎம்எஸ்9918 சில்லுக்கு, திரை வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்தடுத்த பைட்டுகளை 29 துடிப்பு இடைவெளிக்குக் குறைவாக அனுப்பினால் சில பைட்டுகள் காணாமல் போகும். எம்எஸ்எக்ஸ் 2இன் சில்லு வேகமானது, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காத எமுலேட்டரிலும் படம் பளிச்சென்று இருக்கும். உண்மையான எம்எஸ்எக்ஸ் 1இல் போட்டால் திரையெங்கும் பொத்தல். அதோடு, கணினியை இயக்கியதும் நினைவகம் முழுக்கச் சுழியாக இருக்கும் என்று நம்பி எழுதிய கார்ட்ரிட்ஜ் கேமும் அங்கே தடுமாறும்.

நடுவர்களில் எல்லோரிடமும் கணினி இருக்காதே?

ஒருவரிடம் இருந்தால் போதும். வந்த எல்லாக் கேமையும் அவர் உண்மைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லட்டும். மற்றவர்கள் துல்லியமான எமுலேட்டரில் விளையாடி மார்க் போடலாம்.

கேமைக் கணினிக்குள் ஏற்றுவது கஷ்டமில்லை. டேப் கோப்பை ஒலியாக மாற்றி, போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரத்தின் இயர் சாக்கெட்டுக்கு வயர் போட்டால் கேசட் மாதிரியே ஏறும். 48கே முழுக்க ஏற ஐந்து நிமிடம் ஆகும். நேரமில்லையென்றால் எஸ்டி கார்டு போடும் டிவ்எம்எம்சி இணைப்பு இருக்கிறது. ஆனால் ஒரு தடவையாவது டேப் வழியாக ஏற்றிப் பாருங்கள். விதியில் டேப் என்றுதானே சொன்னீர்கள்?

கணினியின் ரோம் கோப்பை (உள்ளேயே பதிந்துவரும் அடிப்படை மென்பொருளை) நாங்களே போட்டியாளர்களுக்குக் கொடுக்கலாமா?

ஸ்பெக்ட்ரத்துக்குப் பிரச்சினை இல்லை. ஸ்பெக்ட்ரத்தைத் தயாரித்த சின்க்ளேரின் கணினித் தொழிலை 1986இல் ஆம்ஸ்ட்ராட் வாங்கியது. எமுலேட்டர்களோடு ரோமை விநியோகிக்க 1999இல் ஆம்ஸ்ட்ராட் அனுமதி கொடுத்துவிட்டது, காப்புரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. எம்எஸ்எக்ஸ் கதை வேறு. பல நிறுவனங்கள் தயாரித்த கணினிகள் அவை. அங்கே சி-பயோஸ் என்ற இலவச மாற்று ரோம் இருக்கிறது, கார்ட்ரிட்ஜ் கேம்களுக்கு அது போதும். கேம் சி-பயோஸிலும் ஓட வேண்டும் என்று விதியில் சேர்த்தால் யாருக்கும் தலைவலி இல்லை.

மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?

விளையாட எப்படி இருக்கிறது என்பதற்குப் பாதி மார்க். மீதியைப் படம், ஒலி, புதுமை, தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுங்கள். சமமாகப் பிரித்தால் அழகான, ஆனால் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும் கேம் ஜெயித்துவிடும்.

தொழில்நுட்பத்துக்கு மார்க் போடுபவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம். ஸ்பெக்ட்ரத்தில் முழுத் திரையையும் வழுக்கிக்கொண்டு நகர்த்தும் கேம் வருகிறது என்று வையுங்கள். இசட்80இன் நகலெடுக்கும் கட்டளைக்கு ஒரு பைட்டுக்கு 21 துடிப்பு. 6,144 பைட்டுக்கு 1,29,024 துடிப்பு. ஒரு சட்டத்துக்கு நம்மிடம் இருப்பதோ 69,888. அதாவது திரையை நகலெடுக்க மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு சட்டம் போய்விடும், எதிரியை நகர்த்தவும் ஒலி எழுப்பவும் நேரமே இல்லை. இருந்தும் ஒருவர் அதை வேகமாகச் செய்து காட்டினால், செயலி தற்காலிகமாகத் தரவை அடுக்கிவைக்கும் ஸ்டாக்கைப் பயன்படுத்தித் தள்ளியிருப்பார், அல்லது மாறிய இடத்தை மட்டும் வரைந்திருப்பார். இது தெரியாத நடுவர் "இன்றைய போனில் இதைவிட வேகமாக நகருமே" என்று எழுதுவார். அந்தக் கேமை எழுதியவர் இனி உங்கள் போட்டிப் பக்கமே வரமாட்டார்.

நடுவர்கள் ஐந்து பேர் இருந்தால் நல்லது. ஒருவர் எல்லாருக்கும் 9 போடுவார், இன்னொருவர் 6க்கு மேல் போடவேமாட்டார். மார்க்கைக் கூட்டுவதைவிட, ஒவ்வொருவரும் கொடுத்த வரிசையைக் கூட்டுவது நியாயமாக இருக்கும். ஒவ்வொரு கேமையும் குறைந்தது அரை மணி நேரம் தன் கையால் விளையாட வேண்டும் என்பதைக் கண்டிப்பாக வையுங்கள். வீடியோ பார்த்து மார்க் போடக் கூடாது. கடினமான கேம்களுக்கு, உயிர் தீராத பதிப்பு ஒன்றை நடுவர்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லலாம். கடைசி மட்டத்துக்காக மாதக்கணக்கில் உழைத்திருப்பார்கள், அதை யாருமே பார்க்காமல் போகக் கூடாது.

பொதுமக்கள் வாக்கு வைக்கலாமா?

தனிப் பரிசாக வையுங்கள். முக்கிய முடிவோடு கலக்காதீர்கள். நண்பர் கூட்டம் பெரிதாக உள்ளவர் ஜெயிப்பார்.

எவ்வளவு கால அவகாசம்?

16 கிலோபைட்டுக்கு நான்கு மாதம், 48கேக்கு ஆறு முதல் எட்டு மாதம். கடைசி நாளை எழுதும்போது நேரத்தையும் நேர மண்டலத்தையும் எழுதுங்கள். பெரும்பாலான கேம்கள் கடைசி இரண்டு நாளில்தான் வரும், அதற்குத் தயாராக இருங்கள். கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வாரம், ஓடாமல் நின்றுபோகும் பிழைகளை மட்டும் திருத்த விடலாம். புது மட்டம் சேர்ப்பதற்கு இல்லை. நகரும் படத்தில் ஒரு புள்ளி தப்பு என்பதற்கும் இல்லை.

பரிசு என்ன கொடுப்பது?

பணம் இருந்தால் கொடுங்கள். ஆனால் இந்த மக்களுக்கு மிகப் பெரிய பரிசு, தங்கள் கேம் அட்டைப்படத்தோடு கேசட்டாகவோ கார்ட்ரிட்ஜாகவோ வெளிவருவதுதான். வென்ற முதல் மூன்று கேம்களை ஒரே கேசட்டில் போட்டுக் கலந்துகொண்ட அனைவருக்கும் ஒரு பிரதி அனுப்பினால், அடுத்த வருடத்துக்கு நீங்கள் விளம்பரமே செய்ய வேண்டாம்.

பழைய கேமை மறுபடி எழுதி அனுப்பினால் ஏற்கலாமா?

யோசனையைத் தழுவி எழுதலாம். பெயர், பாத்திரம், படம், மெட்டு ஆகியவற்றை அப்படியே எடுக்கக் கூடாது. நாற்பது வருடம் ஆனாலும் உரிமை இருக்கிறது. பழைய ஸ்பெக்ட்ரம் கேம்களைச் சேர்த்துவைத்த பெரிய சேமிப்பகத்திலேயே சில நிறுவனங்கள் தங்கள் கேம்களை இறக்கிக்கொள்ள அனுமதி மறுத்திருந்தன.

கேமுக்குள் தமிழ் எழுத்துக் காட்ட முடியுமா?

முடியும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகள் 21 மட்டுமே. உயிரும் மெய்யும் குறிகளும் அதில் அடங்கா. அதற்குப் பதிலாக முழு எழுத்துருவையும் மாற்றிவிடலாம். 96 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 8 பைட், மொத்தம் 768 பைட். 23606, 23607 முகவரிகளில் புது எழுத்துருவின் முகவரியிலிருந்து 256ஐக் கழித்து எழுதினால் கணினி அதையே பயன்படுத்தும். சிக்கல் அகலத்தில்தான். 8 புள்ளிக்குள் ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட இடம் போதாது. அகலமான எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் ஒதுக்குங்கள்.

இந்தக் கணினிகள் இந்தியாவில் இருந்தனவா?

இருந்தன. டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் விற்றது. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது பிபிசி மைக்ரோ. இங்கே ஒரு போட்டி நடத்த விரும்பினால் பிபிசி மைக்ரோ நல்ல தேர்வு, பள்ளியில் அதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். மாடல் பியில் 32 கிலோபைட். எட்டு நிறம் காட்டும் மோட் 2 திரைக்கே 20 கிலோபைட் போய்விடும். கேசட் கணினியில் மிஞ்சுவது எட்டரை கிலோபைட், டிஸ்க் இருந்தால் ஆறுக்கும் குறைவு. மோட் 7 என்ற எழுத்துத் திரைக்கோ ஒரே கிலோபைட் போதும். மோட் 7இல் மட்டும் கேம் என்று ஒரு போட்டி வைத்தால் நானும் எழுதுவேன்.

இரண்டு மூன்று பேர்தான் கலந்துகொண்டால்? வந்தவையும் சுமாராக இருந்தால்?

நடத்தி முடியுங்கள். அறிவித்த தேதியில் முடிவைச் சொல்லுங்கள், ஒவ்வொரு கேமுக்கும் அரைப் பக்க விமர்சனம் எழுதுங்கள். சுமாரானதுக்கும்தான். காம்ப்.சிஸ்.சின்க்ளேர் என்ற பழைய இணைய விவாதக் குழுவில் 1996இல் மிக மட்டமான கேம் எழுதும் போட்டி ஒன்று தொடங்கியது. ஜெயித்தவர் அடுத்த வருடப் போட்டியை நடத்த வேண்டும் என்பது வழக்கம். தயக்கமில்லாமல் முதல் கேமை எழுதிப் பார்க்க நிறையப் பேருக்கு அது இடம் கொடுத்தது.

போட்டி முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

எல்லாக் கேம்களையும், வென்றது தோற்றது பார்க்காமல், ஒரே இடத்தில் இறக்கிக்கொள்ள வையுங்கள். டேப் கோப்பு, எந்த விசை எதற்கு என்ற குறிப்பு, ஒரு ஸ்கிரீன்ஷாட், எழுதியவர் சம்மதித்தால் மூல நிரல். கோப்பின் பெயரில் வருடமும் கேமின் பெயரும் இருக்கட்டும். பிழை திருத்திய பதிப்பு பிறகு வந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் வையுங்கள், மார்க் போட்டது பழையதற்குத்தானே. இவை எல்லாவற்றையும் இணையத்தில் இரண்டு வேறு வேறு இடங்களில் ஏற்றிவிடுங்கள். அடுத்த வருடத்துக்கான விதிகளை அந்த வாரமே எழுதத் தொடங்கலாம், எங்கெங்கே தகராறு வந்தது என்பது அப்போதுதான் நன்றாக நினைவிருக்கும்.